செயின்ட் பிரைட்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட்: ரென் கட்டியது எது, 1957-ல் வந்தது எது?

#1 அளவுகோல்

லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்துக்கு நீளவாக்கில் ஒரு வெட்டுத்தோற்றம் வரைய வேண்டும். மூன்று நிறம் போதும் என்பது கணக்கு. 1671-ல் தொடங்கி 1675-ல் வழிபாட்டுக்குத் திறந்த, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் கட்டடம் ஒன்று. 1701–1703-ல் அதே ரென் மேலே ஏற்றிய கூர்கோபுரம் இரண்டு. 1940 குண்டுவீச்சுக்குப் பிறகு காட்ஃப்ரி ஆலன் திரும்பக் கட்டி 1957-ல் அர்ப்பணித்தது மூன்று.

கேள்விகள் இவை. தீக்குப் பிறகு உண்மையில் நின்றது எவ்வளவு? உள்ளே கூரை போனபோது கோபுரம் மட்டும் எப்படி நின்றது? நடுக்கூடத்தின் மேல் உள்ள பீப்பாய் வளைவு கல்லா, சாந்தா?

#2 தேம்ஸ்கரை

மூன்றாவதற்குப் பதில் ஒரு வரி: சாந்து. ரென் காலத்திலும் அது கல்லாக இருந்ததில்லை. விவரம் கூரை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதல் கேள்விக்கு அந்த இரவைப் பார்க்க வேண்டும். 1940 டிசம்பர் 29, ஞாயிறு. லண்டன் சிட்டி என்பது வார நாட்களில் ஆள் நிறைந்தும் ஞாயிறு மாலை பூட்டியும் கிடக்கிற பகுதி. அலுவலகம், கிடங்கு, தேவாலயம் எல்லாமே பூட்டு. விழுந்தவை பெரும்பாலும் சின்னத் தீக்குண்டுகள்: சுமார் 1 கிலோ எடை, மக்னீசியக் கலவை உடல், உள்ளே கடும் வெப்பம் தரும் தெர்மைட் கலவை. விழுந்த முதல் சில நிமிடங்களில் ஆள் இருந்தால் மணலைக் கொட்டியோ கைப்பம்பில் தண்ணீர் அடித்தோ அடக்கிவிடலாம். ஆள் இல்லையென்றால் கூரைப் பலகையை எரித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் வற்றியது, தேம்ஸிலும் அன்று நீர் தாழ்ந்திருந்தது. படகிலிருந்து தண்ணீர் இழுப்பதும் கடினமாகிவிட்டது.

அதே இரவில் கூப்பிடு தூரத்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பேராலயம் தப்பியது. அங்கே கூரையில் காவல் குழு இருந்தது. குழுத் தலைவர், பேராலயத்தின் கட்டடக் கண்காணிப்பாளர் காட்ஃப்ரி ஆலன். பின்னாளில் செயின்ட் பிரைட்ஸைத் திரும்பக் கட்டியவரும் அவரேதான். இந்த இரவுக்குப் பிறகு வணிகக் கட்டடங்களில் தீக்காவல் கட்டாயம் இன்னும் விரிவானது.

மறுநாள் காலையில் நின்றவை: வெளிச்சுவர்கள், மேற்கே கோபுரம். கூரை, வளைவு, மேல்மாடங்கள், பெஞ்சுகள், 12 மணிகள் எல்லாம் போயின. கோபுரமும் சுவரும் ரென் நிறம், உள்ளே எல்லாம் ஆலன் நிறம் என்று முதல் வரைவாக வைத்துக்கொள்ளலாம்.

#3 கல்லும்_காரையும்

அந்த முதல் வரைவு ஆபத்தானது. "சுவர் நின்றது" என்பதும் "கல் பிழைத்தது" என்பதும் ஒன்றல்ல.

இது போர்ட்லாண்ட் கல். டார்செட் கடற்கரையிலிருந்து கடல் வழியாக வந்த சுண்ணாம்புக் கல். தீயில் இது படிப்படியாகப் போகும். 250–300°C வாக்கில், கல்லில் இருக்கிற சொற்ப இரும்பு நிறம் மாறி வெளிறிய ரோஸ் படரும். போர்ட்லாண்டில் இரும்பு குறைவு என்பதால் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். 600-ஐத் தாண்டினால் சாம்பல் நிறம், மயிரிழை வெடிப்புகள், விளிம்பு உதிர்வு. 800–900-ல் கல் கல்லாக இருக்காது. கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அதன் மேல் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பட்டால், சூளைச் சுண்ணாம்பைத் தாளிக்கிற அதே வேலைதான் நடக்கும்: பொங்கி மாவாக உதிரும்.

நல்ல சேதி என்னவென்றால், சுண்ணாம்புக் கல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். கெட்டுப்போவது பொதுவாக மேல் சில சென்டிமீட்டர்தான். 90 செ.மீ. சுவரில் ஒரு முகம் 3 செ.மீ. போனால் சுமை தாங்குவதில் பெரிய மாற்றம் இல்லை. தூணின் கதை வேறு. தனித்து நிற்கும் தூணுக்கு நாலாபக்கமும் வெப்பம். 60 செ.மீ. விட்டமுள்ள தூணில் சுற்றிலும் 3 செ.மீ. போனால் குறுக்குப் பரப்பில் சுமார் 19 சதவீதம் காலி. அதுவும் பெஞ்சும் மேல்மாடமும் தூணுக்குப் பக்கத்திலேயே எரிந்திருக்கும்போது.

ஆகவே சோதனை இந்த வரிசையில்: முதலில் நிறம் பார்த்துக் குறிப்பது. பிறகு சின்னச் சுத்தியலால் தட்டுவது. மணிச் சத்தம் வந்தால் நல்ல கல், மந்தமான 'டொப்' என்றால் உள்ளே பொருக்கு பிரிந்திருக்கிறது. சந்தேகம் உள்ள இடத்தில் சிறு விட்டத்தில் துளையிட்டு, வரும் தூளின் நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது என்று குறிப்பது. அந்த ஆழத்துக்கும் கீழே வெட்டித்தான் புதுக்கல் பதிக்க வேண்டும்.

#4 பாரச்சுவர்

கோபுரம் ஏன் நின்றது என்ற கேள்வி. இரண்டு காரணம்.

ஒன்று, கூர்கோபுரம் முழுக்கக் கல். ரென் தேவாலயங்களில் எல்லாமே அப்படியில்லை. பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் ஈயத்தகடு போர்த்திய கூர்கோபுரங்கள். அவை மெழுகுவர்த்தி மாதிரி எரிந்தன. செயின்ட் ஜேம்ஸ் பிக்காடிலியில் 1968-ல் ஃபைபர்கிளாஸில் புதிதாகச் செய்து ஏற்றினார்கள். செயின்ட் பிரைட்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக, போகப்போகச் சிறுத்து நிற்கும் நான்கு எண்கோண அடுக்குகள், உச்சியில் கூம்பு. அந்த அடுக்குகளில் எரிய மரமில்லை, பக்கங்கள் வளைவாகத் திறந்திருக்கின்றன, வெப்பம் தேங்காமல் வெளியேறிவிடும்.

இரண்டு, கோபுரம் மேற்கு முனையில் தனிக்கட்டாக நிற்கிறது. நடுக்கூடத்துக் கூரை விழும்போது அதைப் பிடித்து இழுக்கவில்லை.

ஆனால் கீழே மணித்தளம் சூளையாகத்தான் இருந்திருக்கும். மணி உலோகம் சுமார் 77–78 பங்கு செம்பு, 22–23 பங்கு வெள்ளீயம். 900°C-க்குக் கீழேயே உருகிவிடும். அதற்கு முன்பே ஓக் மரச் சட்டம் எரிந்து மணிகள் கீழே விழுந்து நொறுங்கும். உருகுவது பெரும்பாலும் அடியில் கிடக்கும்போது. கோபுரத்தின் உட்சுவரில் தீக்கு மிகவும் அடிபட்ட இடம் எது என்று குறிக்க வேண்டுமானால் மணித்தளத்துக்குக் கீழேயுள்ள உட்புறத்தைப் பாருங்கள்.

#5 அளவுகோல்

மணிகள் திரும்ப வந்தனவா? வெட்டுத்தோற்றத்தில் மணிச்சட்டம் போட வேண்டுமா?

#6 தேம்ஸ்கரை

12 மணி வரிசை திரும்பவில்லை. இப்போது ஒரே ஒரு மணி. செயின்ட் மேரி-லெ-போவில் 12 புது மணிகள் வார்த்து 1961-ல் ஒலிக்கவிட்டார்கள். எரிந்த தேவாலயம் ஒவ்வொன்றும் எதைத் திரும்பக் கேட்டது என்பதே தனிக் கதை.

#7 பாரச்சுவர்

ஒரு மணிக்கும் சட்டம் உண்டு, சின்னதாகப் போடுங்கள். ஆங்கிலேயப் பாணியில் மணி முழு வட்டமாகச் சுழலும். அப்போது சுவருக்குக் கிடைக்கும் செங்குத்து விசை மணி எடையைப் போல் சுமார் 4 மடங்கு, கிடைவிசை சுமார் 2 மடங்கு வரை போகும். 12 மணிச் சட்டம் என்றால் அது கோபுரத்தை ஆட்டுகிற இயந்திரம். அசைக்காமல் சுத்தியலால் அடிக்கிற ஒற்றை மணி அப்படியில்லை.

#8 கல்லும்_காரையும்

தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோபுரத்தின் பழைய எதிரி தீ அல்ல, கல்லுக்குள் பதித்த இரும்பு.

கல்லோடு கல்லைப் பிணைக்க அந்தக் காலத்தில் 'ப' வடிவ இரும்புக் கவ்விகளைக் குழிவெட்டி இறக்கி, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் முழுசாக மூடியிருந்தால் 300 வருஷமும் ஒன்றும் ஆகாது. ஊற்றும்போது கல் ஈரமாக இருந்து ஆவி வெடித்துக் குமிழி விட்டாலோ, ஈயம் ஆறி முனை வரை போகாமல் நின்றாலோ, இணைப்புக் காரை கரைந்து தண்ணீர் அந்த முனையைத் தொடும். துரு, கரைந்த இரும்பின் கன அளவைப் போல 2 முதல் 6 மடங்கு. கல்லுக்கு இழுவிசை தாங்கும் பலம் கிடையாது. அதனால் கவ்வியின் முனைக்கு நேரே, விளிம்பிலிருந்து 5–10 செ.மீ. உள்ளே, அரை நிலா வடிவத்தில் ஒரு சில்லு தெறிக்கும். வெட்டுத்தோற்றத்தில் இதைக் காட்டாவிட்டாலும் முகப்பு வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

#9 தேம்ஸ்கரை

இரும்பு என்றதும் 1764 ஜூன் 18. கோபுரத்தில் இடி விழுந்தது. விஞ்ஞானி எட்வர்ட் டெலவல் அதை ஆராய்ந்து, விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதினார். மின்னல் இரும்பு வழியாகப் போன இடத்தில் சேதம் குறைவு. இரும்பு முடிந்து கல்லுக்குள் தாவ வேண்டியிருந்த இடத்தில் கல் சிதறியது. கல்லைப் பிணைக்க வைத்ததே தொடர்ச்சியில்லாத மின்கடத்தியாக நடந்துகொண்டது.

சீர் செய்தபோது உயரம் குறைந்தது. முதலில் 234 அடி, பிறகு 226 அடி, அதாவது சுமார் 69 மீட்டர். அளவுகோல், உங்கள் உச்சிக் கூம்பு 1701–1703 நிறத்தில் முழுசாக இருக்க முடியாது. நான்காவது நிறம் எடுங்கள்.

#10 ஈயத்தகடு

அந்த இடிக்குப் பிறகு இடிதாங்கி வைக்கும்போதுதான் முனை கூரா, உருண்டையா என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கும் சண்டை என்று படித்த நினைவு. அதையும் குறிப்பில் போடலாமே.

#11 தேம்ஸ்கரை

போடாதீர்கள். சுற்றுலாக் கையேடுகள் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைச் சுருட்டி ஒன்றாக்கிய கதை அது. 1769-ல் செயின்ட் பால்ஸுக்கு இடிதாங்கி வைக்க ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. ஃபிராங்க்ளினும் டெலவலும் அதில் இருந்தார்கள். உருண்டை முனைதான் வேண்டும் என்று அதே குழுவில் இருந்த பெஞ்சமின் வில்சன் பிடிவாதம் பிடித்தார். மன்னர் உருண்டை பக்கம் சாய்ந்தது 1777-ல் பர்ஃப்ளீட் வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்த பிறகு. அதற்குள் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிவிட்டதால் கூர்முனையே கலகக்காரர்களின் முனை ஆகிவிட்டது. செயின்ட் பிரைட்ஸின் பங்கு, அந்த விவாதத்துக்கே தூண்டுதலான சேதங்களில் ஒன்றாக இருந்தது.

இதே கணக்கில்தான் கல்யாணக் கேக் கதையும். லட்கேட்டில் கடை வைத்திருந்த வில்லியம் ரிச் இந்தக் கோபுரத்தைப் பார்த்து அடுக்குக் கேக் செய்தார் என்பார்கள். கேட்க இனிப்பு, வரைபடத்துக்கு உதவாது.

#12 பாரச்சுவர்

இன்றைய ஏற்பாடு சலிப்பூட்டும் அளவுக்கு எளிது: 25 × 3 மி.மீ. செம்புப் பட்டை, ஒன்றுக்கு மேற்பட்ட இறங்கு வழிகள், நில மின்தடை 10 ஓமுக்குள். முக்கியம் ஒன்றுதான். கோபுரத்தில் பின்னால் மாட்டுகிற எந்த உலோகமும், ஏணியோ கைப்பிடியோ கொடிக்கம்போ, பட்டையோடு இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1764-ல் நடந்த தாவல் மறுபடி நடக்கும்.

#13 அளவுகோல்

சரி, நான்கு நிறம். கவ்வியை மாற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? 2010-களில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வேலை செய்தார்களே, அங்கேயும் இதுதானா?

#14 கல்லும்_காரையும்

வெயில் மழைக்கு நிற்கும் 300 வருஷக் கோபுரத்தில் சாரம் கட்டினால் இரண்டு வேலைதான் பிரதானம்: உதிர்ந்த கல்லுக்கு மாற்று, துருப்பிடித்த இரும்புக்கு மாற்று. முறை பொதுவானது, சொல்கிறேன்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வெடிப்பு தெரிகிற இடம் மட்டும் போதாது, தெரியாத கவ்விகளே அதிகம். உலோகம் காட்டும் கருவியால் ஒவ்வொரு வரிசையும் தேய்த்துப் பார்த்து சாக்பீஸால் குறிப்பது. கார்னிஸ் (சுவரிலிருந்து வெளியே நீட்டிய விளிம்பு) வரிசையில் ஒவ்வொரு செங்குத்து இணைப்புக்கும் ஒரு கவ்வி இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற மாட்டீர்கள்.

பிறகு எடுப்பது. உளி வைத்துத் தோண்டினால் நல்ல கல்லும் போகும். கவ்வியின் இரண்டு கால்களையும் சுற்றி உள்ளீடற்ற வைரத் துளைப்பானால் வட்டமாக அறுத்து, நடுத்தண்டைத் துண்டித்து, மூன்று துண்டாக உருவ வேண்டும். துருத்தூளை ஒரு துளிகூட விடக் கூடாது. புதிது 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு, அல்லது வெண்கலம். காரையில் பதிக்கலாம். ரெசின் ஊற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. அடுத்த தலைமுறை கழற்ற வேண்டி வந்தால் கல்லோடுதான் வரும்.

கல் மாற்று: கெட்ட பகுதியைச் சதுரமாக, குறைந்தது 75–100 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுப்பது. மேலே பூசிச் சமாளிக்கிற 2 செ.மீ. ஒட்டு பத்து மழைக்குத் தாங்காது. புதுக்கல் போர்ட்லாண்டிலேயே எந்தப் படுகை (பாறை அடுக்கு) என்பது முக்கியம். அடிப் படுகைக் கல் மென்மை, செதுக்க அழகு, ஆனால் வெளியே நிற்க மேற்படுகையான 'விட்பெட்' மேல். மழை முட்டும் கார்னிஸ் கல்லைப் படுகை கிடையாக இருக்கும்படி வைத்தால் முன்னே நீட்டிய பகுதியின் அடியில் அடுக்கடுக்காக உரியும். அங்கே மட்டும் படுகையைச் செங்குத்தாக, சுவர் முகத்துக்கு இணையாக இல்லாமல் குறுக்கே திருப்பி வைக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சந்து 3–5 மி.மீ., சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் போட்டால் சந்து கல்லைவிடக் கடினமாகி, ஈரம் சந்தால் வெளியேறாமல் கல்லால் வெளியேறும். பத்து வருஷத்தில் சந்து எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், கல் குழிந்திருக்கும்.

#15 பாரச்சுவர்

கவ்வி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் பிடுங்குவதே கோபுரத்துக்குக் கேடு. மின்னோட்டம் கொடுத்து இரும்பைத் துருப்பிடிக்காமல் நிறுத்தும் முறையைப் பிரிட்டனில் பழைய கல் கட்டடங்களில் 1990-களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். சந்துக்குள் மெல்லிய மின்முனைக் கம்பி, சில வோல்ட் நேர்மின்சாரம். ஆனால் ஒவ்வொரு கவ்வியும் கம்பியால் இணைந்திருக்க வேண்டும். இணையாத ஒன்று மற்றவற்றைவிட வேகமாகத் துருக்கும். பராமரிப்பவர் பத்து வருஷம் கழித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போட்ட பணம் வீண்.

#16 கல்லும்_காரையும்

அதுதான் என் எதிர்ப்பும். தேவாலயக் குழு மாறும், கோப்பு தொலையும், 'இந்தப் பெட்டி எதுக்கு?' என்று யாரோ சுவிட்சை அணைப்பார்கள். எஃகு கவ்விக்கு யாருடைய ஞாபகமும் தேவையில்லை. செயின்ட் பால்ஸில் 1925–1930 சீரமைப்பில் குவிமாடத்தைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி போட்டார்கள். இன்றுவரை சும்மா இருக்கிறது.

#17 பாரச்சுவர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதி. எண்கோண அடுக்கின் மூலைக்கல் மேலேயுள்ள முழு எடையும் தாங்கும்போது, அதற்குள்ளே இருக்கிற கவ்வியைச் சுற்றித் துளைப்பதும் ஒரு அபாயம்தான். கார்னிஸில் உங்கள் முறை, மூலையில் என் முறை.

#18 ஈயத்தகடு

கூரைக்கு வருவோம். ரென் தேவாலயங்களின் வழக்கம் இது: மேலே மரக் கூரைச்சட்டம், அதன் அடியிலிருந்து வளைந்த மரவிலாக்கள் தொங்கும், விலாவில் ஓக் பட்டிகள், பட்டியில் மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ கலந்த சுண்ணாம்புச் சாந்து மூன்று பூச்சு. சாந்து பட்டிகளின் இடுக்கில் பிதுங்கி மறுபக்கம் கொக்கி மாதிரி மடங்கி நிற்கும். அந்தக் கொக்கிதான் வளைவைத் தாங்குகிறது. கீழிருந்து பார்த்தால் கல் வளைவின் கம்பீரம், மேலிருந்து பார்த்தால் கூடை முடைந்த மாதிரி. தீயில் இதில் ஒன்றும் மிஞ்சாது. செயின்ட் பிரைட்ஸில் நடுக்கூடத்தின் வளைவும் அதை வெட்டும் முட்டைவடிவச் சாளரங்களும் ரென் வடிவத்தில் இருக்கின்றன. பொருளில் ஒரு பிடி சாந்துகூட அவருடையது அல்ல. முழுக்க மூன்றாம் நிறம்.

போருக்குப் பிந்தைய வேலைகளில் பெரும்பாலும் ஓக் பட்டிக்குப் பதில் இரும்புவலை வந்தது. பராமரிப்பாளர் அதனால் ஆய்வு முறையை மாற்ற வேண்டும். பழைய கூரையில் கொக்கி முறிந்ததா, பட்டி ஆணி துருப்பிடித்ததா, வண்டு தின்றதா என்று மேலிருந்து பார்ப்போம். வலைக் கூரையில் ஈயத்தகட்டிலிருந்து கசியும் ஒரு சொட்டு வலையைத் துருவாக்கி, கீழே பழுப்பு வட்டமாகத் தெரியும். வட்டம் தெரியும்போது வலை அந்த இடத்தில் பாதி போயிருக்கும்.

ஈயத்தகடு பற்றி: தட்டையான பகுதியில் கோட் 8 தகடு (3.55 மி.மீ. கனம்) அதிகபட்சம் 750 மி.மீ. அகலம், 3 மீட்டர் நீளம். கோட் 7 என்றால் 675 மி.மீ., 2.5 மீட்டர். இதை மீறுவதுதான் ஈயக்கூரையின் பரம்பரை வியாதி. 3 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 3.5 மி.மீ. நீளும், திரும்பச் சுருங்கும். இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கட்டிப்போட்டால் நடுவில் மடிப்பு விழுந்து, மடிப்பில் களைத்து, கிழியும். தலைப்பக்கம் மட்டும் ஆணி, கால்பக்கம் விட்டுப்பிடிக்கும் கவ்வி. அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈயத்தின் அடிப்பக்கம் வெள்ளைத் தூளாக அரிக்கும். மேலிருந்து பார்த்தால் தகடு புதுசு மாதிரியே இருக்கும்.

#19 அளவுகோல்

1940-ல் எரிந்தது, 1957-ல் திறந்தார்கள். நடுவில் 17 வருஷம் கூரையில்லாமலா? அது சுவரை என்ன செய்திருக்கும்?

#20 தேம்ஸ்கரை

தாமதத்துக்கு நிர்வாகக் காரணங்களே மூன்று. போர்ச்சேதச் சட்டம் 1941-ல் வந்தது. தேவாலயங்களுக்குக் கிடைத்த தொகை அலங்காரமில்லாத எளிய சீரமைப்புக்கு மட்டும். செதுக்கிய ஓக், மார்பிள் தரை, ஓவியம் எல்லாம் வேறு கையிலிருந்து வர வேண்டும்; பத்திரிகைக்காரர்களின் தேவாலயம் என்பதால் இங்கே அந்தக் கை ஃப்ளீட் ஸ்ட்ரீட்டாக இருந்தது. இரண்டாவது, கட்டட உரிமக் கட்டுப்பாடு 1954 நவம்பர் வரை நீடித்தது. மரமும் இரும்பும் முதலில் வீட்டுக்குத்தான். மூன்றாவது, எந்தத் தேவாலயம் வேண்டும், எது வேண்டாம் என்ற கேள்வி. சிட்டியில் குடியிருப்பவர்களே சொற்பம். செயின்ட் டன்ஸ்டன்-இன்-தி-ஈஸ்ட் தோட்டமாகிவிட்டது. கிறைஸ்ட் சர்ச் கிரேஃபிரையர்ஸ் சுவரோடு நின்றது. அதன் கூர்கோபுரத்தை மட்டும் 1960-ல் பிரித்துத் திரும்ப அடுக்கினார்கள். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரியின் கற்கள் கப்பலேறி அமெரிக்காவின் மிசூரிக்குப் போய்விட்டன. செயின்ட் பிரைட்ஸுக்கு இந்தக் கதி வரவில்லை.

#21 கல்லும்_காரையும்

சுவருக்கு அந்த 17 வருஷம் தீயைவிட மோசமாக இருந்திருக்கலாம். வெளியே வெட்டுக்கல், உள்ளே கல்லும் கழிவும் சுண்ணாம்பும் கலந்த நிரப்பு. மேல் மூடி இல்லையென்றால் மழை நிரப்புக்குள் நேரே இறங்கும். காரையைக் கரைத்து அடியில் சேர்க்கும். குளிரில் உறைந்து முகக்கல்லை வெளியே தள்ளும். விதை விழுந்து செடி வேரோடும்.

கூரை இழந்த சுவரில் செய்ய வேண்டிய முதல் வேலை தலைமூடி: தளர்ந்த மேல் வரிசையை எடுத்து, சுண்ணாம்புக் காரையில் இரண்டு செங்கல் வரிசை, வெளிப்பக்கம் சரிவு, முகத்துக்கு வெளியே 5 செ.மீ. நீட்டிச் சொட்டுவிளிம்பு. அவ்வளவுதான். இதை விட்டவர்கள் பத்து வருஷம் கழித்து நிரப்புக்குள் சுண்ணாம்புக் கரைசல் ஊற்ற வேண்டியிருக்கும், சதுர மீட்டருக்கு எவ்வளவு குடிக்கும் என்று ஊற்றி முடிக்கும் வரை தெரியாது.

கூரை போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நனைந்த சுவர் காய, தோராயக் கணக்கு 25 மி.மீ.க்கு 1 மாதம். 90 செ.மீ. சுவருக்கு மூன்று வருஷம். அதற்குள் ஜிப்சம் பூச்சும் எண்ணெய்ப் பெயிண்டும் அடித்தால் உப்பு பூத்துப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு அடிப்பு, பொறுமை.

#22 தேம்ஸ்கரை

அந்தத் தாமதத்தில் ஒரு லாபம் உண்டு. 1952–53-ல் தொல்லியலாளர் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் தரைக்குக் கீழே தோண்ட முடிந்தது. ரோமர் காலத் தளம், அதற்கு மேல் அடுத்தடுத்து ஆறு தேவாலயங்களின் தடயம், ரென் ஏழாவது. மூடிக்கிடந்த எலும்பறையும் நிலவறைகளும் கிடைத்தன. பெயர்ப்பலகையோடு 200-க்கு மேற்பட்ட சவப்பெட்டிகள் இருந்ததால், எலும்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறைகள் சரியா என்று சோதிக்க உலகமெங்கும் இந்தத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். பிணத் திருடர்களுக்குப் பயந்து 1818-ல் காப்புரிமை பெற்ற இரும்புச் சவப்பெட்டி ஒன்றும் அங்கே இருக்கிறது.

வரைபடத்தில் தரையோடு நிறுத்திவிடாதீர்கள். தரை மார்பிளுக்குக் கீழேதான் இந்தக் கட்டடத்தின் நிறங்கள் அதிகம்.

#23 பாரச்சுவர்

உட்புறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கிழக்குச் சுவர் தட்டை. பலிபீடத்துக்குப் பின்னால் வளைந்த குழிவு இருப்பதுபோலத் தெரிவது க்ளின் ஜோன்ஸ் வரைந்த கண்கட்டு ஓவியம். புகைப்படத்தைப் பார்த்து வரைந்த சிலர் வெட்டுத்தோற்றத்தில் அரைவட்டக் குழிவு போட்டிருக்கிறார்கள். அதன் முன்னே தனித்து நிற்கும் மரவேலைப்பாடும் 1957-தான்.

#24 ஈயத்தகடு

மேல்மாடங்களைத் திரும்பக் கட்டாதது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம். ரென் இந்தக் கூடத்தை மேல்மாடத்தோடுதான் கட்டினார். எல்லோருக்கும் பிரசங்கம் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மாடம் இல்லாமல் இரட்டைத் தூண்கள் முழு நீளத்துக்குத் தெரிவது அழகு. ஆனால் அது 17-ஆம் நூற்றாண்டு பார்க்காத அழகு. மரமும் ஆட்களும் உறிஞ்சிய ஒலியை இப்போது மார்பிள் திருப்பி அடிக்கிறது.

#25 தேம்ஸ்கரை

குடியிருப்பவர் இல்லாத சிட்டியில் மாடம் யாருக்கு? ஆலன் இருக்கைகளைக் கல்லூரி ஆலயம் மாதிரி எதிரெதிராகத் திருப்பினார், நடுவில் கறுப்பு வெள்ளை மார்பிள். பாடகர் குழுவுக்கும் நினைவு வழிபாட்டுக்கும் ஏற்ற அறை அது. அந்த எதிரொலி பேச்சுக்குத் தொல்லை, பாட்டுக்கு வரம். மாடத்தைக் கட்டிக் காலியாக வைத்திருந்தால் இன்று அதில் ஒலிபெருக்கி வயர்தான் இருக்கும். அர்ப்பண நாளாக 1957 டிசம்பர் 19-ஐத் தேர்ந்ததைப் பாருங்கள்: 1675-ல் ரென் தேவாலயம் திறந்த அதே தேதி, 282 வருஷம் கழித்து. ரென்னைத் தொடர்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள்.

#26 ஈயத்தகடு

தேதி ஒன்று, திட்டம் வேறு. ரென்னின் வடிவத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தங்கள் ரசனைக்கு விட்டார்கள். அதில் தப்பில்லை, 'ரென்னின் உட்புறம்' என்று எழுதிவைப்பதுதான் தப்பு.

#27 அளவுகோல்

நிறப் பட்டியல் இப்போது இப்படி: வெளிச்சுவரும் கோபுர அடிப்பகுதியும் 1671–75, எண்கோண அடுக்குகள் 1701–1703, உச்சிக் கூம்பில் 1764-க்குப் பிந்தைய பகுதி தனி, கூரை முதல் தரை வரை உட்புறம் 1950-கள், கோபுரத்தில் பின்னர் பதித்த மாற்றுக்கல் புள்ளி புள்ளியாக. தரைக்குக் கீழே கிரைம்ஸ். கிழக்கே தட்டைச் சுவர். மேல்மாடத்தை எரிந்துபோனதாகப் புள்ளிக்கோட்டில் காட்டுகிறேன். சுவர்களின் உட்பக்க மேல்தோலுக்கு எந்த நிறம் என்பது மட்டும் பாக்கி.

#28 கல்லும்_காரையும்

உட்பக்கத்துக்கு 3 செ.மீ. கனத்தில் 1950-கள் நிறத்தை ஒரு பட்டையாக ஓட்டுங்கள், சாந்துப் பூச்சு எப்படியும் புதுசு. 1:50 அளவில் அது 0.6 மி.மீ. கோடு. மெல்லிய பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.